குடிச்சா பாட்டு நல்லா வருமா? ஒரு தம்பிக்கு நீண்ட பதில்

தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு. சிங்கப்பூர்ல என்எஸ், அதாவது தேசிய சேவை, முடிச்சுட்டு வந்து நண்பர்களோட சேர்ந்து பேண்ட் ஆரம்பிச்சிருக்காரு, பாட்டும் டியூனும் சொந்தமா எழுதுறாங்க. அவர் கேள்வி இதுதான்: "அண்ணே, ரெண்டு டைகர் பீர் உள்ள போனா வரிங்க தன்னால வருது, தெளிவா உக்காந்தா ஒண்ணுமே வர மாட்டேங்குது. பெரிய பெரிய கலைஞருங்க எல்லாம் குடிச்சவங்க, கஞ்சா அடிச்சவங்க தானே, அப்ப அதுல ஏதோ இருக்கு தானே? என் பிரெண்ட்ஸ் பேங்காக் போய்ட்டு வந்து, வீட் (கஞ்சா) அடிச்சா கற்பனை வேற லெவல்ல போகுதுன்னு சொல்றாங்க. உண்மையா?"

நல்ல கேள்வி தம்பி, இதை வெளிப்படையா கேக்கறவங்க நம்ம ஆளுங்கள்ல குறைவு. நான் பல வருஷமா தபேலா வாசிக்கிறேன், ஊபி பக்கம் ஒரு சின்ன ரெக்கார்டிங் ரூம்ல பாட்டு மிக்ஸ் பண்றேன், இந்த விஷயம் என் கண்ணு முன்னாடி நடக்கறதால இதைப் பத்தின ஆராய்ச்சி எது வந்தாலும் தேடிப் படிக்கிற பழக்கமும் உண்டு. முதல்ல நேரா பதில் சொல்லிடறேன். கொஞ்சமா குடிச்சா ஒரு சின்ன வேலைக்கு ஒரு சின்ன உதவி இருக்கு, அதை இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா போதை பெருசா மாத்தறது உன் பாட்டை இல்ல, பாட்டு எப்படி இருக்குன்னு எடை போடற உன் மனசை. நல்லா எழுதுற மாதிரி தோணும். தோணுறதும் எழுதுறதும் வேற வேற, அதைத்தான் கீழ விளக்கமா எழுதறேன்.

உனக்கு சாதகமா இருக்கறதை முதல்ல சொல்றேன். 2012ல அமெரிக்காவுல இலினாய் பல்கலைக்கழகத்தோட சிகாகோ வளாகத்துல ஒரு சோதனை பண்ணாங்க. 40 இளைஞருங்க, பாதிப் பேருக்கு ஒட்காவையும் கிரான்பெரி ஜூஸையும் கலந்து குடுத்து ரத்தத்துல ஆல்கஹால் 0.075 சதவீதம் வர்ற வரைக்கும் ஏத்தினாங்க, அதாவது நம்ம ஊர்ல வண்டி ஓட்டறதுக்கு வச்சிருக்கற வரம்புக்கு ஒரு நூல் கீழ. அப்புறம் ஒரு வார்த்தை விளையாட்டு. மூணு சொல் தருவாங்க, மூணோடயும் சேர்ற நாலாவது சொல்லை நீ கண்டுபிடிக்கணும். தமிழ்ல வேணும்னா இப்படி வச்சுக்க: கடல், குடி, மழை. விடை நீர், கடல்நீர், குடிநீர், மழைநீர். இதுல குடிச்சவங்க 58 சதவீதம் சரியா சொன்னாங்க, குடிக்காதவங்க 42 சதவீதம் தான். நேரமும் கம்மி, ஒரு கேள்விக்கு சராசரியா 11.5 வினாடி, மத்தவங்களுக்கு 15.2. அதே ஆளுங்களுக்கு ஞாபகத்துல பல விஷயத்தை ஒரே நேரத்துல பிடிச்சு வச்சிருக்கற சோதனை வச்சா அதுல குடிச்சவங்க பின்தங்கிட்டாங்க. காரணம் புரியுது தானே, கவனத்தோட பிடி தளரும்போது தப்பான விடையையே பிடிச்சுத் தொங்காம மனசு பக்கத்துல தாவிடுது.

2017ல ஆஸ்திரியாவுல கிராஸ் பல்கலைக்கழகத்துல பீர் வச்சு இதே மாதிரி பண்ணாங்க, அளவு இன்னும் கம்மி, 0.03 தான். அதே சொல் விளையாட்டுல கொஞ்சம் முன்னேற்றம் வந்துச்சு. ஆனா இன்னொரு சோதனையும் வச்சாங்க, ஒரு சாதாரணப் பொருளைக் குடுத்து இதை எத்தனை விதமா, யாரும் நினைக்காத விதமா பயன்படுத்தலாம்னு கேக்கறது. அதுல பீர் ஒரு உதவியும் பண்ணல. இதை நல்லா கவனி தம்பி. ஏற்கனவே ஒரு விடை இருக்கற புதிரை அவிழ்க்கத்தான் அந்த ஒரு கிளாஸ் உதவுச்சு, இல்லாத ஒண்ணைப் புதுசா உருவாக்க உதவல. பாட்டு எழுதும்போது விடை எங்கயும் எழுதி வச்சிருக்காது, பத்து வரி எழுதி அதுல எது நிக்கும் எது நிக்காதுன்னு நீ தான் சொல்லணும், அங்க தான் வம்பே ஆரம்பிக்குது.

1984ல வெளியான ஒரு பழைய ஆய்வு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆளுங்களை நாலு குழுவா பிரிச்சாங்க. சிலருக்கு ஆல்கஹால்னு சொல்லி ஆல்கஹாலே குடுத்தாங்க, சிலருக்கு ஆல்கஹால்னு சொல்லி வெறும் பானம், சிலருக்கு வெறும் பானம்னு சொல்லி ஆல்கஹால், மிச்சப் பேருக்கு வெறும் பானம்னு சொல்லி அதையே. அப்புறம் கற்பனை சோதனை. யாருக்கு உண்மையில ஆல்கஹால் போச்சுன்றது பெருசா வித்தியாசம் காட்டல, ஆனா "நான் குடிச்சிருக்கேன்"னு நம்பினவங்க தங்களோட வேலைக்குத் தாங்களே அதிக மார்க் போட்டுக்கிட்டாங்க. குடிச்சோம்ன்ற நம்பிக்கைக்கே அந்த வேலை நடக்குது.

கஞ்சா விஷயத்துல இதை இன்னும் தெளிவா காட்டினது 2022ல வந்த ஒரு ஆய்வு. அதுல நம்ம ஊர் தொடர்பும் இருக்கு, ஆய்வாளர்கள்ல ஒருத்தர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர். சோதனை நடந்தது கஞ்சா சட்டப்படி விக்கற வாஷிங்டன் மாநிலத்துல. வழக்கமா பயன்படுத்துறவங்களையே எடுத்து, ஒரு கூட்டத்தைப் புகைச்ச 15 நிமிஷத்துக்குள்ள வேலை செய்யச் சொன்னாங்க, இன்னொரு கூட்டம் 12 மணி நேரமாச்சும் தொடாம இருந்துட்டு செய்யணும். ஒரு வேலை என்னன்னா, உள்ளூர் மியூசிக் பேண்ட் ஒண்ணுக்கு வருமானம் கூட்ட ஐடியா குடுக்கணும், உன் கதைக்கே பொருந்துது பாரு. போதையில இருந்தவங்க சந்தோஷமா இருந்தாங்க, தங்களோட ஐடியா பிரமாதம்னு சொன்னாங்க, அடுத்தவங்க ஐடியாவைக் காட்டினா அதுவும் பிரமாதம்னாங்க. சம்பந்தம் இல்லாத வெளியாளுங்ககிட்ட, யார் எழுதினதுன்னு சொல்லாம மார்க் போடச் சொன்னா ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்ல. உன் பிரெண்ட்ஸ் பொய் சொல்லல தம்பி, அவங்களுக்கு உண்மையாவே அப்படித்தான் தோணியிருக்கு.

2015ல நெதர்லாந்து லைடன் பல்கலைக்கழகத்துல அளவு பார்த்துப் பண்ணாங்க. கஞ்சாவுல இருக்கற டிஎச்சி 5.5 மில்லிகிராம் போனவங்களுக்கும் ஒண்ணுமே போகாதவங்களுக்கும் வித்தியாசம் இல்ல, 22 மில்லிகிராம் போனவங்களுக்குப் புது ஐடியா வர்றது குறைஞ்சே போச்சு. இது எல்லாம் பழகினவங்க, புதுசா தொட்டவங்க இல்ல.

சட்டத்தையும் சொல்லிடறேன், ஏன்னா பேங்காக்னு எழுதியிருந்த. தாய்லாந்து 2022 ஜூன்ல கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியல்ல இருந்து எடுத்துச்சு, 2025ல மறுபடி மருத்துவச் சீட்டு வேணும்னு இறுக்கிட்டாங்க. ஆனா அங்க என்ன சட்டம்ன்றது உனக்கு ஒரு பொருட்டே இல்ல, சிங்கப்பூர் குடிமகனும் நிரந்தரவாசியும் உலகத்துல எந்த மூலையில அடிச்சாலும் இங்க அடிச்ச மாதிரியே கணக்கு, 10 வருஷம் வரைக்கும் சிறை, 20,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். திரும்பி வரும்போது செக்பாயிண்ட்லயே சோதனை பண்ணலாம். கேபாட்னு சொல்ற அந்த போதை வேப் சமாச்சாரமும் சட்டவிரோதம் தான், அதுல கலக்கற எட்டோமிடேட்டை 2025 செப்டம்பர்ல போதைப்பொருள் சட்டத்துக்குள்ள கொண்டு வந்தாங்க. எட்டோமிடேட் ஆபரேஷனுக்கு முன்னாடி ஆளை மயங்க வைக்கற மருந்து, அதை இழுத்துட்டு பாட்டு எழுதறேன்னு சொல்றதைக் கேட்டா எனக்கு வயிறு எரியுது.

இப்ப ஆராய்ச்சியை விட்டுட்டு என் ரூமுக்கு வா. பாடறவர் ஒருத்தர், நல்ல குரல், கீழ் ஸ்தாயி கேட்டா உடம்பு சிலிர்க்கும். மைக் முன்னாடி நின்னா பதற்றம், அதனால ரெண்டு பெக் போட்டுட்டு வருவாரு. ராத்திரி பதினொரு மணி வாக்குல டேக் எடுக்கறோம், கூட வந்தவங்களும் லேசா மப்புல இருக்காங்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் தலையாட்டி "சூப்பர்ண்ணே, இது தான் டேக்"ன்றாங்க, அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மறுநாள் மத்தியானம் கோப்பியோட உக்காந்து அதையே கேக்கறோம். ஒவ்வொரு வரியோட கடைசி சுரமும் ஒரு பொட்டு கீழ இறங்கி நிக்குது, ழகரம் எல்லாம் வழுக்கி யகரமும் லகரமுமா ஆயிருக்கு, மூச்சு எடுக்கற இடம் தப்பி ஒரு சொல் ரெண்டா உடைஞ்சிருக்கு. தாளம் இன்னும் மோசம். ஸ்கிரீன்ல கோடு போட்டு பீட் இருக்கும், அதுல அவர் சொல் ஆரம்பிக்கற இடம் எல்லாம் கோட்டுக்குப் பின்னாடியே விழுது, அதுவும் ஒரே அளவா விழுந்தா ஒரு ஸ்டைலுன்னு சொல்லிக்கலாம், ஒண்ணு கொஞ்சம் பின்ன, ஒண்ணு ரொம்பப் பின்ன, ஒண்ணு அவசரப்பட்டு முன்ன. ராத்திரி ஹெட்போன் சத்தத்தை ஏத்து ஏத்துன்னு அவர் கேட்டுட்டே இருந்ததும் இதோட சேர்ந்தது தான், குடிச்சா காது கொஞ்சம் மந்தமாகும், தன் குரலே தனக்கு சரியா எட்டாது. முந்தின ராத்திரி கண்ணு கலங்கினாரே, அது நடிப்பு இல்ல, உணர்ச்சி அவருக்குள்ள நிஜமாவே இருந்துச்சு. தொண்டை வழியா அது வெளிய வந்து சேரல. அதே மனுஷன் பிறகு ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, வெறும் வெந்நீரைக் குடிச்சுட்டு, பதற்றத்தோடயே பாடினாரு, முதல் ரெண்டு டேக் விறைப்பா இருந்துச்சு, மூணாவதுல இளகிட்டாரு, அது தான் வெளிய வந்த பாட்டு.

வள்ளுவர் கள்ளுண்ணாமைல கடைசிக் குறளா வச்சிருக்கறது இதைத்தான். குடிக்காம இருக்கற நேரத்துல, குடிச்சு ஆடற இன்னொருத்தனைப் பார்க்கும்போது, நாமளும் குடிச்சா இப்படித்தான் இருப்போம்னு ஒருத்தன் நினைச்சுப் பார்க்க மாட்டானான்னு கேக்கறாரு. அவர் காலத்துல தன்னைத்தானே பார்க்க வழி இல்ல, அடுத்தவனைத்தான் பார்க்கணும். உனக்குக் கையில போன் இருக்கு, ராத்திரி பாடினதை, எழுதினதைப் பதிவு பண்ணி வச்சு பகல்ல கேளு, அந்தக் குறளோட வேலையை அதுவே செஞ்சுடும்.

சரி, பெரிய ஆளுங்க கதைக்கு வரேன், ஏன்னா உன் கேள்வியோட உயிர் அங்க தான் இருக்கு.

ஜாஸ்ல சார்லி பார்க்கர்னு ஒரு சாக்ஸபோன் மேதை. ஹெராயினுக்கு அடிமை, எல்லாருக்கும் தெரியும். அவரைப் பார்த்து அந்தத் தலைமுறைல எத்தனையோ பசங்க, ஊசி போட்டா அவர் மாதிரி வாசிக்கலாம்னு ஊசி போட்டாங்க. அவரோ 1949ல ஒரு பத்திரிகைப் பேட்டியில, கஞ்சாவோ ஊசியோ சாராயமோ போட்டா நல்லா வாசிக்க வருதுன்னு சொல்ற எந்த வாத்தியக்காரனும் பச்சைப் பொய்யன்னு சொன்னவரு. 1946 ஜூலைல லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு ரெக்கார்டிங், ஹெராயின் கிடைக்காம விஸ்கியை ஊத்திக்கிட்டு வந்தாரு, நேரா நிக்கவே முடியல, முதல் சுரத்துக்கே நேரத்துக்கு உள்ள வர முடியல. அன்னைக்கு ராத்திரி ஓட்டல்ல கலவரமாகி கடைசியில கமரில்லோ மனநல மருத்துவமனையில ஆறு மாசம் இருந்தாரு. அந்த ரெக்கார்டை கம்பெனி வெளியிட்டுடுச்சு, ரசிகருங்க பல பேர் அதுல சோகம் வழியுதுன்னு உருகிக் கேட்டாங்க, வாசிச்சவருக்கு மட்டும் அது வெளிய வந்ததே கடைசி வரைக்கும் பொறுக்கல. அவர் திறமை எங்க இருந்து வந்துச்சுன்னு அவரே சொல்லியிருக்காரு, சின்ன வயசுல மூணு நாலு வருஷம் தினமும் 11லருந்து 15 மணி நேரம் சாதகம். 1955ல செத்தப்ப வயசு 34, உடம்பைப் பார்த்த டாக்டர் அம்பதுக்கு மேலன்னு நினைச்சாரு. இவரை உதாரணமா காட்டித்தான் போதைல கலை வளரும்ன்றாங்க, எனக்கு மனசு ஆறல.

விட்டவங்க கதையை யாரும் சொல்றதில்ல பாரு, அது தான் எனக்குப் பெரிய குறை. சன்னி ரோலின்ஸ்னு இன்னொரு ஜாஸ் சாக்ஸபோன்காரர் 1955ல சிகிச்சைக்குப் போய் ஹெராயினை விட்டாரு, அடுத்த வருஷம் 1956ல அவர் வாழ்க்கையிலயே பெரிய பேர் வாங்கின ஆல்பம் வந்துச்சு. ஜான் கோல்ட்ரேனும் சாக்ஸபோன்காரர் தான், அவரை 1957ல மைல்ஸ் டேவிஸ் தன் பேண்ட்ல இருந்தே தூக்கிட்டாரு, காரணம் ஹெராயின். அவமானம் தாங்காம அதே வருஷம் விட்டாரு, விட்ட பிறகு தான் அவர் கோல்ட்ரேன் ஆனாரு, 1959ல வாசிச்ச 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' ஒரு உலகம், 1964 டிசம்பர்ல கடவுளுக்கு நன்றியா வாசிச்ச 'எ லவ் சுப்ரீம்'ன்ற பெரிய படைப்பு இன்னொரு உலகம். அதோட அட்டைக் குறிப்புல 1957ல தனக்கு வந்த விழிப்பைப் பத்தி அவரே எழுதியிருக்காரு. எழுத்துல அமெரிக்கச் சிறுகதைக்காரர் ரேமண்ட் கார்வர், 1977 ஜூன்ல குடியை விட்டாரு, அதுக்கப்புறம் கிடைச்ச பத்துப் பதினோரு வருஷத்துல எழுதின சிறுகதைங்க அவருக்கு உச்சம். போதை தான் ஊற்றுன்னா, விட்டதும் இவங்க எல்லாம் வத்திப் போயிருக்கணும் இல்லையா?

கவிதைக்கு எல்லாரும் காட்டற சாட்சி ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ். குப்ளாகான் பத்தின அந்தக் கவிதை அபினி மயக்கத்துல கனவா வந்துச்சு, எழுந்து எழுதும்போது யாரோ வேலையா வந்து கதவைத் தட்ட மிச்சம் மறந்து போச்சுன்னு 1816ல அச்சு போட்டப்ப முன்னுரைல எழுதினாரு. அவர் கையெழுத்துப் பிரதி ஒண்ணு இருக்கு, அதுல ரெண்டு கிரெயின்ற சின்ன அளவு அபினி எடுத்தப்ப வந்த ஒரு மாதிரி பகல்கனவுன்னு அடக்கமா எழுதியிருக்காரு, தூக்கத்துல முழுசா வந்துச்சுன்ற பேச்சு இல்ல, அச்சுல வந்த வரிக்கும் அதுக்கும் அங்கங்க மாத்தமும் இருக்கு. அதாவது உக்காந்து திருத்தியிருக்காரு. இன்னொண்ணு, அவர் பேர் சொல்ற கவிதைங்க பெரும்பாலும் 1797, 98லயே முடிஞ்சு போச்சு. அபினி முழுசா பிடிச்சுக்கிட்ட பிறகு 1802லயே தன் கற்பனை சக்தி வாடிப் போச்சுன்னு புலம்பி ஒரு பாட்டு எழுதினாரு, கடைசி 18 வருஷம் ஒரு டாக்டர் வீட்டுல அவர் கண்காணிப்புல தான் வாழ்ந்தாரு. கனவு வந்த ஒரு நாளை எல்லாரும் ஞாபகம் வச்சிருக்கோம், எழுத முடியாம போன வருஷங்களை மறந்துட்டோம்.

போதையில எழுது, தெளிவுல திருத்துன்னு அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே பேர்ல ஒரு வாசகம் சுத்துமே, அது அவர் சொன்னதே இல்ல. விடிஞ்சதும் எழுத உக்காந்துடுவேன்னு பேட்டியில சொன்ன மனுஷன் அவர், குடி எல்லாம் வேலை முடிஞ்ச பிறகு தான், அந்தக் குடியும் கடைசியில அவரை விட்டு வைக்கல.

நம்ம ஆளு கண்ணதாசனை விட்டுட்டுப் பேச முடியுமா. குடியை அவர் மறைச்சதே கிடையாது, கோப்பையில குடியிருக்கேன்னு பாட்டே எழுதி 1963ல படத்துல அவரே வந்து நடிச்சுட்டும் போனாரு. அதை வச்சு கவிஞர் குடிச்சதால தான் அப்படி எழுதினாருன்னு லிட்டில் இந்தியா தேக்கால ஒவ்வொரு டேபிள்லயும் பேசறாங்க. நான் அவர் பாட்டோட வளர்ந்தவன், எனக்கு அப்படித் தெரியல. அவர் ஒரு வரியைத் தொட்டா அதுக்கு அடியில கம்பன் இருப்பான், சித்தர் பாட்டு இருக்கும், தனிப்பாடல் இருக்கும், கிராமத்துத் தாலாட்டு இருக்கும், எம்எஸ்வி ஆர்மோனியத்துல போட்ட மெட்டோட அளவுக்கு ஒரு அசை கூடாம குறையாம அதை உதவியாளர் எழுத எழுத வாயால சொல்லிட்டே போவாரு. அது வருஷக்கணக்கா படிச்சு மனசுல ஊறினது, பாட்டில்ல இருந்து ஊத்த முடியாது. எப்படியெல்லாம் வாழக்கூடாதோ அப்படியெல்லாம் வாழ்ந்தவன், அதனால எப்படி வாழணும்னு சொல்ல எனக்குத் தகுதி இருக்குன்னு சொன்னவரும் அவர் தான். 1981ல சிகாகோ ஆஸ்பத்திரியில போயிட்டாரு, வயசு 54. இன்னும் இருபது வருஷம் இருந்திருந்தா என்ன எழுதியிருப்பாருன்னு நினைச்சா ஏக்கமா இருக்கு.

இன்னும் பழசுக்குப் போனா ஔவையார். அதியமான் இறந்த பிறகு பாடின புறநானூறு 235, கொஞ்சமா கள்ளு கிடைச்சா எங்களுக்கே குடுத்துடுவான், நிறைய கிடைச்சா எங்களுக்கும் குடுத்து நாங்க பாட அவனும் மகிழ்ந்து குடிப்பான்னு தொடங்கும். பாணரும் புலவரும் கள்ளோடயே வாழ்ந்தாங்க, அதை மறைக்க நமக்கு எந்த அவசியமும் இல்ல. ஆனா அந்தப் பாட்டைப் பொறுமையா படி, கள்ளு அங்க ஊக்கமருந்தா வரல, பகிர்ந்துக்கற மனசுக்கு அடையாளமா வருது, இப்ப அவன் இல்லையேன்ற துக்கம் ஒவ்வொரு "மன்னே"ன்ற இரங்கல் சொல்லுலயும் ஏறிட்டே போகுது. அவ்வளவு துக்கத்துலயும் கை நடுங்காத தெளிவான ஆளு பாடின பாட்டு அது.

அப்ப ஏன் இத்தனை கலைஞருங்க குடிக்கிறாங்கன்னு கேப்ப. குடிக்கிறாங்க, அது உண்மை தான். அமெரிக்காவுல அயோவா எழுத்தாளர் பட்டறைல 30 எழுத்தாளரைப் பார்த்து 1987ல ஒரு ஆய்வு வந்துச்சு, அவங்கள்ல 30 சதவீதம் பேருக்குக் குடிநோய், ஒப்பிட்டுப் பார்த்த மத்தவங்கள்ல 7 சதவீதம் தான். மனச்சோர்வு மாதிரி மனநிலைக் கோளாறும் எழுத்தாளருங்ககிட்ட ரொம்ப அதிகம். ஆனா அதே ஆளுங்க, மனசு சரியா இருந்த நாள்ல தான் எழுதினோம், சரிஞ்சு கிடந்த நாள்ல இல்லன்னு சொன்னாங்க. நம்ம தொழிலைப் பாரு, வேலை ராத்திரில, மேடை பப்புலயும் கல்யாண டின்னர்லயும், ஷோ முடிஞ்சா காசுக்குப் பதிலா சில பேர் பாட்டிலை நீட்டுவாங்க, வாசிக்கற முன்னாடி கை நடுங்கும், முடிஞ்ச பிறகு தூக்கம் வராது, வீட்டுல எல்லாரும் தூங்கியிருப்பாங்க. பத்தரைக்கு மேல வெளிய வச்சுக் குடிக்கக் கூடாதுன்னு 2015ல சட்டம் வந்த பிறகும் ஜாமிங் ரூம் கதவுக்கு உள்ள அது நடக்கத்தான் செய்யுது. கலையைச் சுத்தி இருக்கற தனிமையும் பயமும் குடிக்க வைக்குது, குடி கலையைக் குடுக்குதுன்னு நாம தலைகீழா படிச்சுக்கிட்டோம்.

அது போக நாள் ஆக ஆக கணக்கு மாறும். இன்னைக்கு ரெண்டு கிளாஸ்ல வர்ற தளர்வுக்கு அடுத்த வருஷம் நாலு வேணும். குடிச்சுட்டுத் தூங்கினா கனவு வர்ற தூக்கம் முதல் பாதி ராத்திரியில வெட்டுப்படும், எழுதறவனுக்கு அந்தத் தூக்கம் எவ்வளவு முக்கியம்னு சொல்ல வேண்டியதில்ல. நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் தன்னோட ஒரு முழு நாவலை எழுதினது கிட்டத்தட்ட ஞாபகமே இல்லன்னு சொல்லியிருக்காரு, அந்தப் புத்தகம் அவருக்குப் பிடிச்சும் இருக்கு, எழுதின சந்தோஷம் மட்டும் இல்லாம போச்சேன்னு வருத்தப்படறாரு.

இப்ப உன் பிரச்சனை. தெளிவா உக்காந்தா ஒண்ணும் வரலன்ற. நீ எழுதும்போதே உள்ள ஒருத்தன் "இது மொக்கை, இது எவனோ எழுதினது"ன்னு வெட்டிட்டே இருக்கான், ரெண்டு டைகர் அவனைத் தூங்க வைக்குது, அவ்வளவு தான் நடக்குது. அவன் உனக்கு வேணும், ஆனா எழுதற நேரத்துல வேணாம், மறுநாள் வேணும். அதனால எழுதற நாளையும் திருத்தற நாளையும் பிரிச்சுடு. எழுதற அன்னைக்கு பேனாவை எடுக்காத, டியூனை லூப்புல போட்டு வாய்க்கு வந்த டம்மி வார்த்தையைப் பாடி போன்ல பதிவு பண்ணு, நம்ம பாட்டு எழுதறவங்க தத்தகாரத்துல பண்ணறதே இது தானே. நிறுத்தாம பாடு, கேவலமா இருந்தாலும் பாடு, அன்னைக்குத் திரும்பக் கேக்காத. அடுத்த நாள் பகல்ல கேட்டு வெட்டு.

நட. 2014ல ஸ்டான்போர்ட்ல சோதிச்சுப் பார்த்திருக்காங்க, உக்காந்திருக்கறதை விட நடக்கும்போது புது ஐடியா வர்றது சராசரியா 60 சதவீதம் கூடுச்சு, வெறும் சுவரைப் பார்த்து டிரெட்மில்ல நடந்தா கூட. முன்னாடி சொன்ன பீர் சோதனைல தோத்த அதே வகை வேலை இது, கவனிச்சியா? ஒரே விடை இருக்கற புதிருக்கு நடை உதவல, பலதா யோசிக்கறதுக்கு உதவுச்சு, உனக்கு வேண்டியதும் அது தான். காலாங் ஆத்தோரமோ உன் புளோக்கைச் சுத்தியோ நட, ஹெட்போன்ல உன் டியூன் மட்டும். அப்புறம் குட்டித் தூக்கம், 2021ல பாரிஸ்ல ஒரு ஆய்வு, கணக்குல ஒளிஞ்சிருக்கற சூட்சுமத்தைக் கண்டுபிடிக்கணும், கண்ணு சொருகற அந்த முதல் கட்டத்துல 15 வினாடியாச்சும் இருந்தவங்கள்ல 83 சதவீதம் பேர் கண்டுபிடிச்சாங்க, முழிச்சே இருந்தவங்கள்ல 30 சதவீதம் தான், ஆழ்ந்து தூங்கிட்டாலும் போச்சு. கோப்பி ஓ குடிக்கறது தப்பில்ல, ஆனா 2020ல பார்த்ததுல காபின் புதிர் அவிழ்க்கத்தான் உதவுச்சு, புது ஐடியாவைக் கூட்டல, அதனால அதைத் திருத்தற நாளுக்கு வச்சுக்க.

தன்னை மறக்கற நிலை தான் வேணும்னா அதுக்கும் நம்மகிட்ட வழி இருக்கு தம்பி. தைப்பூசத்துல சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்ல இருந்து டேங்க் ரோடு வரைக்கும் காவடி தூக்கறவங்களைப் பார்த்திருப்ப, வாரக்கணக்கா சைவம், விரதம், ஒரு சொட்டு மது கிடையாது, உறுமி அடிச்சதும் அவங்க போற இடத்துக்கு எந்த பாட்டிலும் கொண்டு போகாது. தாளம், மூச்சு, பசி, கூட்டத்தோட குரல், இது போதும். நான் உறுமிக் கூட்டத்தோட நின்னு வாசிச்சிருக்கேன், ஒரே சொல்கட்டு அரை மணி நேரம் சுத்தும்போது கை என்னுது இல்லாத மாதிரி ஆகும், ஆனா ஒரு அடி பிசகினா உடனே தெரியும். அந்த நிலையையும் அந்தக் கவனத்தையும் சேர்த்தே குடுக்கற வேற ஒண்ணை நான் பார்த்ததில்ல.

மேடை பயத்துக்குக் குடிக்கிறன்னா அது தனி விஷயம், அதுக்கு டாக்டரைப் பாரு, பதற்றத்தைக் குறைக்க முறையான பயிற்சியும் சிகிச்சையும் இருக்கு, மேல்நாட்டு ஆர்கெஸ்ட்ரா வாத்தியக்காரங்கள்ல பல பேர் அதுக்கு டாக்டர் சொல்லி மாத்திரையே எடுக்கறாங்க.

கடைசியா ஒண்ணு, இது உனக்கு இல்லாம போகலாம், இதைப் படிக்கற வேற யாருக்காவது வேணும். தினமும் நிறைய குடிச்சுப் பழகினவங்க நான் எழுதினதைப் படிச்சுட்டு நாளைக்கே ஒரேயடியா நிறுத்தாதீங்க. கை நடுக்கம், வியர்வையில ஆரம்பிச்சு வலிப்பு வரைக்கும் போகலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் மேற்பார்வையில உடம்பைப் பத்திரமா இறக்கி விட மருந்து இருக்கு, அதுக்கப்புறம் குடிக்கற வெறியைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன் மாதிரி மாத்திரையும் இருக்கு. பாலிகிளினிக்ல சொன்னா மனநலக் கழகத்துல இருக்கற தேசிய போதைப்பழக்க நிர்வாகச் சேவைக்கு அனுப்பி விடுவாங்க, கஞ்சா, ஹெராயினுக்கும் அங்க சிகிச்சை இருக்கு. போறதுக்கு முன்னாடி எவ்வளவு குடிக்கறீங்க, கடைசியா எப்ப குடிச்சீங்கன்றதை மட்டும் மறைக்காம சொல்லுங்க, மருந்து அளவு அதை வச்சுத்தான் போடுவாங்க.